கரிசலா, பாறையா, ரொப்புன பிளாட்டா: மதுரையில வீடு கட்ட மண்ணு பார்த்த கதை

வீடு கட்டணும்னு முடிவானதும் எங்க வீட்ல மூணு பிளாட் கடைசி ரவுண்டுக்கு வந்துச்சு. ஒண்ணு திருமங்கலம் தாண்டி விருதுநகர் போற வழியில, 5 சென்ட், அக்மார்க் கரிசல். ரெண்டாவது ஒத்தக்கடை பக்கம், மாடியில நின்னா யானைமலை முழுசா தெரியும், ஆனா 3 சென்ட் தான், செம்மண்ணு, அங்கங்க கல்லு தலைய நீட்டிக்கிட்டு இருக்கும். மூணாவது சிட்டிக்குள்ளயே, ஆபீசுக்கு பத்து நிமிஷம், பக்கத்துல ஒரு கண்மாய், விக்கிறவரு "சார் எல்லாம் ரொப்பி லெவல் பண்ணியாச்சு, நேரா பூஜை போட வேண்டியதுதான்"னு சொன்னாரு.

வீட்ல ஆளாளுக்கு ஸ்கூல் பக்கமா, பஸ் வருமா, தண்ணி நல்ல தண்ணியானு கேட்டாங்களே தவிர மண்ணப் பத்தி ஒருத்தர் கேக்கல. கேட்டது எங்க மச்சான் மட்டும்தான், அக்கா வீட்டுக்காரர், அவருக்கு சொந்த ஊரு கோவில்பட்டி. அவங்கப்பா கட்டுன வீட்ல சன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு விரிசல் கிளம்பும், பொங்கலுக்கு பட்டி பாத்து வெள்ளையடிச்சா சித்திரையில மறுபடி வாயத் திறந்துக்கும், ஐப்பசி மழைக்கு தானா மூடிக்கும். "மாப்ள, எங்க வீடு மூச்சு விடுற வீடு"னு சொல்லிச் சிரிப்பாரு. அவரு சொல்லித்தான் நான் மண்ணுப் பக்கமே திரும்புனேன், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வேற பொழப்பே இல்ல.

முதல்ல அந்த ரொப்புன பிளாட்ட முடிச்சிடுறேன், ஏன்னா அதுல யோசிக்க அவ்வளவா ஒண்ணுமில்ல. மதுரையில பாதி ஏரியாவுக்கு பேரே ஜாதகம் மாதிரி, தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், உலகனேரி. இந்தப் பக்கம் நரிமேடுனு ஒண்ணு. குளம்னு முடிஞ்சா பள்ளம், மேடுனு முடிஞ்சா மேடு, நம்ம முன்னோர்கள் அவ்வளவு நேரா பேரு வச்சிருக்காங்க, நாமதான் பாக்கறதில்ல. அந்த பிளாட்ல ஒரு மூலையில கடப்பாரையால மூணு அடி தோண்டிப் பார்த்தோம், செங்கல் உடைசல், ஓட்டுச்சில்லு, பாலித்தீன் கவர், யாரோ உடைச்சுப் போட்ட டைல்ஸ், அதுக்குக் கீழ கருப்பா நாத்தத்தோட கண்மாய் வண்டல். ரொப்புன மண்ணு தன் வெயிட்லயே பல வருஷம் இறங்கிக்கிட்டே இருக்கும், அதுவும் லாரி லாரியா கொட்டிட்டு ஜேசிபி ரெண்டு ஓட்டு ஓட்டுனதுக்குப் பேரு கெட்டிக்கிறது இல்ல, அடுக்கடுக்கா போட்டு தண்ணி விட்டு ரோலர் ஓட்டணும். அதுல அஸ்திவாரம் போடணும்னா ரொப்புனது, வண்டல் எல்லாத்தையும் தாண்டி ஒரிஜினல் மண்ணுக்குப் போகணும், அது எத்தனை அடியில இருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது. இதுக்கு மேல அந்த சர்வே நம்பரு நீர்நிலைப் புறம்போக்கா இல்லையான்னு ஏ ரெஜிஸ்டரும் (ஊர் நிலப் பதிவேடு) எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (நில அளவு வரைபடம்) எடுத்துப் பாக்கணும். நாங்க அந்தளவுக்குப் போகவே இல்ல, பத்து நிமிஷ ஆபீசுக்கு ஆசைப்பட்ட நான் தான் ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிருந்தேன்.

நெசமான போட்டி கரிசலுக்கும் ஒத்தக்கடைக்கும்தான்.

கரிசல் பிளாட்ட நாங்க முதல்ல பார்த்தது மே மாசம், கத்திரி வெயில். தரை கல்லு மாதிரி இருந்துச்சு, கடப்பாரை போட்டா டங்குனு தெறிக்குது, வெடிப்புக்குள்ள என் கை மணிக்கட்டு வரைக்கும் போச்சு. கூட வந்த புரோக்கர் அண்ணன் "பாருங்க தம்பி எவ்வளவு கெட்டி"ன்னாரு. அந்த வெடிப்பு தான் ஆபத்தே. கரிசல் மண்ணுல மாண்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் கனிமம் இருக்கு, அது தண்ணிய தன் அடுக்குகளுக்கு நடுவுல இழுத்து வச்சு உப்பும், காஞ்சா சுருங்கும். மழைக்கு மண்ணு வீட்ட மேல தூக்கும், வெயிலுக்கு கீழ விடும், அதுவும் வீடு முழுக்க ஒரே மாதிரி தூக்குனா பரவாயில்ல, வெளி ஓரம் நனையும் நடுவுல நனையாது, அதனால சுவரு முறுக்கிக்குது, அந்தச் சாய்வு விரிசல் அப்படித்தான் வருது. நம்ம நாட்டுல இந்த ஈரம் ஏறி இறங்குற ஆழம் சுமாரா 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி வரைக்கும்னு வச்சுக்கிட்டுதான் டிசைன் பண்றாங்க. நம்மூர்ல வழக்கமா தோண்டுற அஞ்சடி வானம் (அஸ்திவாரக் குழி) அந்த ஆடுற மண்ணுக்கு நட்ட நடுவுல போய் உக்காரும், அப்ப அஸ்திவாரமும் சேர்ந்துதான் ஆடும்.

எவ்வளவு உப்புதுன்னு வீட்லயே பார்த்தேன், ஃப்ரீ ஸ்வெல்னு ஒரு டெஸ்ட், ரொம்ப சிம்பிள். மண்ண காயவச்சு பொடிச்சு சலிச்சு, பத்து பத்து கிராமா ரெண்டு அளவுக் குழாய்ல போட்டு ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் ஊத்தி, கலக்கி விட்டு ஒரு நாள் அப்படியே வச்சிடணும். மண்ணெண்ணெய்ல மண்ணு உப்பாது, தண்ணியில உப்பும், அந்த வித்தியாசம்தான் கணக்கு. கிளாஸ் குழாய் கெமிஸ்ட்ரி படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வாங்கினேன், மண்ணெண்ணெய் தேடி அலைஞ்சதுதான் பெரும்பாடு, சமையக்கட்டு மேடையில வச்சதுக்கு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனி. மறுநாள் காலையில பார்த்தா மண்ணெண்ணெய்ல மண்ணு 10 கோட்டுல நிக்குது, தண்ணியில 18ல நிக்குது, மேல வழவழன்னு கருப்பா கூழு மாதிரி. அப்ப 80 சதவீதம். 50 தாண்டுனாலே உஷாரா இருக்கணும்னு சொல்ற டெஸ்ட் அது. ஒத்தக்கடை செம்மண்ணுக்கும் அதே மாதிரி போட்டேன், 10க்கு 11. வீட்ல பண்றது துல்லியம் கிடையாது, லேப்ல 425 மைக்ரான் சல்லடையில சலிச்சுதான் பண்ணுவாங்க, ஆனா எந்த மண்ணு எந்த ஜாதின்னு தெரிஞ்சுக்க இது போதும். அம்மாவுக்கு அந்த ரெண்டு குழாயப் பார்த்ததும் புரிஞ்சிருச்சு, நான் ஒரு வாரமா வாய் வலிக்கப் பேசினது புரியல.

அதுக்காக கரிசல்ல வீடே கட்டக்கூடாதா, கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை எல்லாம் என்ன கூடாரத்துலயா இருக்காங்க. வழி இருக்கு, காசு தான் கேள்வி. நாலு வழி சொன்னாங்க.

மேஸ்திரி அண்ணன் சொன்னது மணல் வழி, அகலமா தோண்டி கரிசல எடுத்துட்டு மணலோ எம்-சாண்டோ ரொப்பி அதுக்கு மேல ஃபூட்டிங், அதாவது பில்லருக்கு அடியில வர்ற காங்கிரீட் பாதம். காலங்காலமா பண்றதுதான், ஆனா எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. சுத்தி களிமண்ணு நடுவுல மணல்னா அது ஒரு தொட்டி, மழைத்தண்ணி அதுல போய் நின்னு கீழ இருக்கிற கரிசலுக்கு ஊட்டி விட்டுக்கிட்டே இருக்கும். அதுக்குப் பதிலா உப்பாத, ஆனா ஒட்டுற குணமுள்ள கிராவல் மண்ண ஒரு மீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்கா கெட்டிச்சா கீழ உப்புறத அமுக்கி வைக்கும்னு ஐஐடி பம்பாய் பேராசிரியர் கட்டிங்கிறவரு ஆராய்ச்சி பண்ணி சொன்ன முறை ஒண்ணு இருக்கு (பேரே கட்டி, மண்ணு கெட்டிக்கிறதுக்குன்னே பொறந்தவரு போல). வாய்க்கால், ரோடுன்னா நல்லா வேலை செய்யும், 5 சென்ட் வீட்டுக்கு அந்த மண்ணக் கொண்டு வந்து ரோலர் விட்டு ஒழுங்கா பண்ற ஆள் கிடைக்கணுமே. மூணாவது ராஃப்ட், வீட்டு அடி முழுக்க ஒரே கம்பி காங்கிரீட் பலகை, மொத்தமா தூக்கி மொத்தமா இறக்கும்னு கணக்கு, கம்பி பில் பார்த்து நாங்க அமைதியாயிட்டோம்.

நாலாவது தான் எனக்குப் பிடிச்சது, அண்டர் ரீம் பைல், அதாவது அடியில அகலமா மண்ணுக்குள்ள ஆழமா இறக்குற காங்கிரீட் தூண். ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்துல கரிசலுக்குன்னே வளர்த்தெடுத்த முறை. ஆகர்னு திருகு மாதிரி இருக்கிற துளைக் கருவி வச்சு பத்து இஞ்ச் குழி போடுறாங்க, ஈரம் மாறாத ஆழம் வரைக்கும் கீழ போயி, அடியில ஒரு கத்திய விரிச்சு சுத்தி குடம் மாதிரி அகலப்படுத்துறாங்க, குழியோட அகலத்துல ரெண்டரை மடங்கு, அப்புறம் கம்பி இறக்கி காங்கிரீட். வெங்காயத்தத் தாளோட நட்ட மாதிரி இருக்கும், மேல மண்ணு தூக்குனாலும் அடியில குடம் பிடிச்சுக்கும். இதுல ஒரு சூட்சுமம், மேல சுவரத் தாங்க வர்ற பிளிந்த் பீம் (கம்பி காங்கிரீட் உத்தரம்) மண்ணத் தொடக்கூடாது, கீழ 8 செ.மீ. இடைவெளி விடணும், மண்ணு உப்புனா உப்பிக்கட்டும்னு அதுக்கு இடம். நம்ம ஆளுங்க அந்த இடைவெளியப் பார்த்ததும் "என்ன தம்பி ஓட்டையா இருக்கு"ன்னு அன்பா கலவை வச்சு அடைச்சு விட்டுடுவாங்க, அத்தோட பாதி பிரயோஜனம் போச்சு. பைல் போட்டாலும் தரை தனியா உப்பும், அதனால உள்ள ரொப்புறது கிராவலா இருக்கணும், வீட்டச் சுத்தி நாலஞ்சு அடிக்கு சிமெண்ட் தளம் போட்டு மழைத்தண்ணிய தள்ளி விடணும், செப்டிக் டேங்க், கசியிற பைப்பு, வேப்ப மரம் எதுவும் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. அப்படிப் பார்த்துக்கிட்டா கரிசல்லயும் வீடு நல்லா நிக்கும்.

சரி ஒத்தக்கடைக்கு வருவோம். பாறைன்னா எல்லாருக்கும் ஒரு நிம்மதி. யானைமலையில பாண்டியர் காலத்துல 8ம் நூற்றாண்டுல குடைஞ்ச நரசிங்கப் பெருமாள் குகைக் கோயில் இன்னைக்கும் அப்படியே நிக்குது, அந்தக் கல்லு நம்ம வீட்டுக்கு அடியிலன்னா வேற என்ன வேணும். புரோக்கரும் இதே டயலாக்தான். மலை அங்க இருக்குன்னா நம்ம பிளாட்டுக்கு அடியிலயும் அதே கல்லு பாய் விரிச்ச மாதிரி படுத்திருக்கும்னு நினைக்கிறதுதான் தப்பு, பாறையோட மேல்முகம் மேடு பள்ளமா எப்படி வேணா போகும்.

ஜேசிபி வச்சு ரெண்டு குழி தோண்டினோம், அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஓனர் கிட்ட கேட்டு. முதல் குழி ரோட்டுப் பக்கம், மூணரை அடியில பக்கெட் பல்லு கிர்ருன்னு உரசி நின்னுச்சு. மேஸ்திரி அண்ணன் குழிக்குள்ள குதிச்சு சுத்தியல்ல தட்டுனாரு, கணீர்னு கோயில் மணி மாதிரி சத்தம். "பாறை தம்பி, கண்ண மூடிக்கிட்டு அஞ்சு மாடி ஏத்தலாம்"னாரு. இன்ஜினியர் சார் ஒண்ணும் சொல்லல, இருபது அடி தள்ளி பின்னாடி மூலைய காட்டி அங்க ஒண்ணு போடுங்கன்னாரு. அங்க எட்டு அடி போயும் கல்ல காணோம், மூணடி செம்மண்ணு, அதுக்குக் கீழ சரளை, ஆறடிக்குக் கீழ பாறை மக்கி பொலபொலன்னு வர்ற மண்ணு, கையில எடுத்தா கல்லு கோடு தெரியும், நசுக்குனா பொடி.

இதுக்கு அப்புறம் அவரு செஞ்ச காரியம்தான் எங்கள காப்பாத்துச்சு. கம்ப்ரசர் டிரில் வண்டி ஒண்ணக் கூப்பிட்டு முதல் குழியில அந்தக் கல்லு மேலயே ஓட்டை போடச் சொன்னாரு. பத்தடி உள்ள போற வரைக்கும் ஓட்டணும்னு கறாரா சொல்லிட்டாரு. வெள்ளைத் தூளு பறக்குது, நாலு அடி வரைக்கும் அதே சத்தம், அதே தூளு. நாலரையில திடீர்னு ராடு சரக்குன்னு இறங்குச்சு, தூளு நிறம் செவப்பா மாறிடுச்சு. டிரில் ஓட்டுன பையன் "அண்ணே மண்ணுண்ணே"ன்னான். அது பாறையே இல்ல, மண்ணுக்குள்ள மிதக்கிற உருண்டக் கல்லு. கருங்கல்லு வெடிப்பு வழியா தண்ணி போயி நாலு பக்கமும் மக்கி மண்ணாயிடும், நடுவுல மக்காம மிஞ்சுற கொட்டை மாதிரி பாகம்தான் இது, கல்லு நாட்டுல சாதாரணம். மேஸ்திரி அண்ணன் பேச்ச நம்பி முன்னாடி ரெண்டு பில்லர அந்தக் கல்லு மேலயும் பின்னாடி பில்லரெல்லாம் மண்ணுலயும் நிறுத்தியிருந்தா என்ன ஆகும், பின்னாடி கொஞ்சம் இறங்கும், முன்னாடி இறங்காது, நடுவுல ஹால் சுவரு கிழியும். கரிசல்ல வர்ற அதே விரிசல் "பாறை பிளாட்"லயும் வரும், காரணம் தான் வேற. அன்னைக்குத் தான் எனக்கு மண்டையில ஏறுச்சு, மண்ணு நல்லதா கெட்டதாங்கிறது ரெண்டாவது கேள்வி, வீடு முழுக்க ஒரே மண்ணு மேல உக்காருதாங்கிறது தான் முதல் கேள்வி.

எந்த டெஸ்ட் எடுக்கலாம்னு குழம்புறவங்களுக்கு என் அனுபவத்துல சொல்றேன். காசே இல்லாத டெஸ்ட், பக்கத்து வீட்ல போய் "போர் போட்டப்ப கேசிங் பைப்பு எத்தனை அடி இறங்குச்சு"ன்னு கேக்கிறது. நம்ம பக்கம் கெட்டிப் பாறை வர்ற வரைக்கும்தான் கேசிங் இறக்குவாங்க, அதனால அந்த நம்பரே பாறை எத்தனை அடியில இருக்குன்னு சொல்லிடும். நாங்க அஞ்சு வீட்ல கேட்டோம், 15, 22, 18, 40, 20. அந்த 40 வீட்டுக்காரர் பொய் சொல்றாருன்னு நெனச்சோம், பாறை அங்க பள்ளமா இறங்குதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அடுத்தது ஜேசிபி குழி, ஒரு மணி நேர வாடகையில மண்ண கண்ணால பாக்கலாம், ஆனா எட்டு பத்து அடிக்குக் கீழ தெரியாது, குழிய ஃபூட்டிங் வர்ற இடத்துல தோண்டாதீங்க, அப்புறம் அதுவே ரொப்புன மண்ணாயிடும்.

அதுக்கு மேல எஸ்பிடி போர், அடிச்சு இறக்கி மண்ணு எவ்வளவு கெட்டின்னு பாக்கிற டெஸ்ட். முக்காலி நட்டு 63.5 கிலோ சம்மட்டிய 75 செ.மீ. உயரத்துல இருந்து விட்டு குழாய அடிச்சு இறக்குவாங்க, முதல் 15 செ.மீ. கணக்குல இல்ல, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை தடவை அடி வாங்குதோ அதுதான் 'N' வேல்யூ. கரிசல் பிளாட்டுனா இது இல்லாம ஒரு செங்கல் கூட வைக்காதீங்க, அதுவும் ஈரத்துல ஊறவச்சு லேப்ல பார்த்த ரிசல்ட்ட கேளுங்க, மே மாசத்து காஞ்ச மண்ணுல எடுத்த 'N' வேல்யூ ராஜா மாதிரி இருக்கும், ஐப்பசியில அதே மண்ணு களி. கல்லு ஏரியாவுல இந்த டெஸ்டுக்கு ஒரு வீக்னஸ், உருண்டக் கல்லுல பட்டாலும் 50 தடவைக்கு மேல அடிச்சாச்சு, இனி இறங்காது, ரெஃப்யூசல்னு எழுதிட்டு பையன் முக்காலிய மடக்கிடுவான், அங்க கல்லுக்குள்ளயே டிரில் பண்ணி கோர், அதாவது உருளை மாதிரி கல்லுத் துண்டு, எடுக்கணும். எடுத்த கோர்ல 10 செ.மீ.க்கு மேல நீளமா வந்த துண்டுகளை மட்டும் கூட்டி, டிரில் பண்ண நீளத்தால வகுத்தா வர்ற சதவீதம் தான் ஆர்க்யூடி, பாறை எவ்வளவு முழுசா இருக்குன்னு அதுல தெரியும். ரெண்டு மாடி வீட்டுக்கு கோர் வரைக்கும் போகத் தேவையில்ல, எங்களுக்கு கம்ப்ரசர் டிரில்லே போதுமானதா இருந்துச்சு. ரெசிஸ்டிவிட்டின்னு நாலு கம்பி நட்டு கரண்ட் விட்டுப் பாக்கிறது தண்ணி பாக்கிறவங்களுக்கு சரி, அத மட்டும் வச்சு ஃபூட்டிங் போடுறேன்னு யாராச்சும் சொன்னா நான் சம்மதிக்க மாட்டேன்.

ரிப்போர்ட் வந்தா பின்னாடி பக்கம் தாங்கும் திறன்னு ஒரு நம்பர் இருக்கும், சதுர மீட்டருக்கு இத்தனை டன். அதுதான் காசு. ஒரு பில்லர்ல 30 டன் இறங்குதுன்னு வைங்க, மண்ணு 10 டன் தாங்குனா 3 சதுர மீட்டர் ஃபூட்டிங், அதாவது அஞ்சே முக்கால் அடிக்கு அஞ்சே முக்கால். 20 டன் தாங்குனா நாலுக்கு நாலு அடி போதும். அலுங்காத கெட்டிப் பாறைக்கெல்லாம் 300 டன்னுக்கு மேல சொல்லுவாங்க, அங்க ஃபூட்டிங் அளவ விட பில்லர் கம்பி உக்கார இடம்தான் பிரச்னை, பாறையில ஓட்டை போட்டு கம்பி நட்டு கிரவுட் (சிமெண்ட் குழம்பு) ஊத்தி பிடிக்க வைக்கணும், சாய்வா இருந்தா படி மாதிரி வெட்டணும்.

பாறைக்கு மறைமுக செலவு நிறைய, இத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. வானம் தோண்ட பிரேக்கர் மணிக் கணக்குல ஓடும், வெடி வைக்கணும்னா லைசென்ஸ் ஆளு, அனுமதி, பக்கத்து வீட்டு சண்டை, அதனால ஓட்டை போட்டு கெமிக்கல் ஊத்தி ராத்திரியோட ராத்திரியா பிளக்க விடுறதுதான் குடியிருப்புக்குள்ள நல்லது. சம்ப்பும் செப்டிக் டேங்கும் பாறைக்குள்ளன்னா வீட்டு அஸ்திவாரத்த விட அதுக்கு ஆகும். மழைத்தண்ணி கீழ இறங்காது, முருங்கை நட்டா கூட வேரு தடுக்கும். நூத்துக்கு நூறு பாறை பிளாட்ட விட, அஞ்சடியில கெட்டி சரளை இருக்கிற பிளாட்டு தான் வீட்டுக்கு வசதின்னு நான் சொல்லுவேன்.

எங்களுக்கு கிடைச்சதும் கிட்டத்தட்ட அதுதான். கரிசல்ல 2 சென்ட் கூட, விலையும் கம்மி, ஆனா பைல், பீம், கிராவல், சுத்துத் தளம் எல்லாம் சேர்த்து மச்சான் கால்குலேட்டர்ல தட்டுனப்ப மிச்சமாகுற காசுல பாதிக்கு மேல மண்ணுக்குள்ள போகுது. மாடி இல்லாத வெறும் தரை வீடுன்னா, தோட்டம் வேணும்னா, நான் இன்னமும் கரிசல் தான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு மேல ஒரு மாடி வேணும், அக்கா குடும்பமும் வரணும், அதனால ஒத்தக்கடை. அந்த உருண்டக் கல்ல உடைச்சு எடுத்துட்டு, எல்லா பில்லரையும் அஞ்சடி சரளையில ஒரே மட்டத்துல நிறுத்தியாச்சு, கல்லு எடுத்த குழிய மட்டும் மண்ணு போட்டு ரொப்பாம சரளை மட்டம் வரைக்கும் காங்கிரீட்டாலயே நிரப்பினோம், இன்ஜினியர் சார் அதுல பிடிவாதமா இருந்தாரு.

உடைச்ச கல்லு ஒரு டிராக்டர் வந்துச்சு, காம்பவுண்டு சுவர் அடிக்கு அதுவே போதும். அதுல தட்டையா ஒரு பலகை மாதிரி பிளந்த துண்ட அம்மா யாரையும் தொட விடல, பின்பக்கம் குழாயடியில போட்டு துணி துவைக்கிற கல்லாக்கிட்டாங்க.